ஜிஎம் கைக்குப் போன பிறகு ஸாப் ஏன் நின்றுபோனது? 2001 மாடல் 9-5 வாங்கலாமா?

கேள்வி: ஸ்வீடன் நாட்டு ஸாப் கம்பெனியின் 9-5, 2.3 டர்போ, 2001 மாடல் விலைக்கு வருகிறது. கம்பெனியே இல்லாத வண்டி என்பதால் தயக்கம். அமெரிக்காவின் ஜிஎம் (ஜெனரல் மோட்டார்ஸ்) தான் ஸாபை மூடியதா? எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

பதில் 1: ஜிஎம் 1989 டிசம்பரில் பாதிப் பங்குக்கு ஒப்பந்தம் போட்டபோதே ஸாப் கார் பிரிவு நஷ்டத்தில்தான் இருந்தது. மீதிப் பாதி 2000-ல் கைமாறியது. என் பார்வையில் பெரிய அடி, புது மாடல் வராததுதான். 1997-ல் வந்த 9-5-க்கு அடுத்த தலைமுறை 2010-ல்தான் வந்தது. நடுவில் சுபாரு இம்ப்ரேசாவை 9-2எக்ஸ் என்றும் செவ்ரோலே டிரெயில்பிளேசரை 9-7எக்ஸ் என்றும் விற்றார்கள். ஸாபின் வழக்கப்படி சாவித் துவாரத்தை முன் சீட்டுகளுக்கு நடுவே உள்ள கன்சோலுக்கு மாற்றினால் மட்டும் அது ஸாப் ஆகிவிடாதே!

2010-ல் நெதர்லாந்தின் சிறிய கார் கம்பெனி ஸ்பைக்கர், ஸாபை வாங்கியது. சப்ளையர் பாக்கி ஏறி, 2011 ஏப்ரலில் ஸ்வீடனின் டிரோல்ஹாட்டனில் இருந்த ஸாப் ஆலை நின்றது. சீன முதலீட்டாளர்கள் முன்வந்தும், தொழில்நுட்ப உரிமத்தைத் தர ஜிஎம் மறுத்தது. டிசம்பர் 19-ல் திவால்.

பதில் 2: வண்டிக்கு வருவோம். 2003 வரை வந்த பி205, பி235 எஞ்சின்களில் (உங்கள் 2.3 டர்போ பி235) ஆயில் சம்ப்பில், அதாவது எஞ்சினுக்கு அடியில் உள்ள ஆயில் தொட்டியில், கசடு கட்டும். புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிஸ்ட் சம்ப்பை ஒட்டியே இருப்பதால் ஆயில் வெந்துபோகும். எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பழைய பிசிவி அமைப்பும் சரியில்லை. கசடு ஸ்ட்ரெய்னரை (ஆயில் சல்லடையை) அடைத்தால் ஆயில் பிரஷர் விழும்; டர்போவும் பேரிங்குகளும் போகும். ஐடிலில் ஆயில் லைட் மினுக்கினாலோ, ஸ்டார்ட் செய்ததும் டைமிங் செயின் சத்தம் கேட்டாலோ விட்டுவிடுங்கள்.

சம்ப்பைக் கழற்றிச் சுத்தம் செய்த பில் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் அந்தச் செலவை விலையில் குறைத்துப் பேசுங்கள். கழற்றும்போது ஆயிலை உறிஞ்சும் பிக்கப் குழாயின் ஓ-ரிங்கையும் புதிதாகப் போட வேண்டும்; பழையது காற்றை இழுத்தால் சுத்தம் செய்தும் பயனில்லை. பிசிவி 6-ம் எண் கிட் மாட்டுங்கள். பிறகு ஃபுல் சிந்தெட்டிக் 5டபிள்யூ-40 அல்லது 0டபிள்யூ-40, 8,000 கி.மீ.க்கு ஒருமுறை.

கேள்வி கேட்டவர்: பில் இல்லை. பாகங்கள் கிடைக்குமா?

பதில் 3: எஞ்சின், பிரேக், சஸ்பென்ஷனுக்குக் கவலை வேண்டாம். ஸாபின் உதிரிபாகப் பிரிவு ஸ்வீடன் அரசின் கைக்குப் போய், ஓரியோ என்ற பெயரில் தொடர்ந்தது. வெளித் தயாரிப்புகளும் உண்டு. 2010-க்குப் பிந்தைய 9-5-க்குத்தான் திண்டாட்டம்: மெக்கானிக்கல் பாகங்கள் பல ஓப்பல் இன்சிக்னியாவோடு ஒத்துப்போகும், ஆனால் விளக்கு, கண்ணாடி கிடைப்பது அரிது.

ஸ்பார்க் பிளக்குகளுக்கு மேல் உட்காரும் கறுப்பு இக்னிஷன் கேசட் ஒன்றும், எஞ்சின் சுழற்சியை அறியும் கிராங்க் சென்சார் ஒன்றும் டிக்கியில் உபரியாக இருக்கட்டும். சூடானதும் எஞ்சின் நின்று, ஆறியதும் கிளம்பினால் முதலில் அந்த சென்சாரை மாற்றுங்கள். கேசட்டுக்குள் எண்ணெய் உண்டு, கவிழ்த்து வைக்காதீர்கள்.