பேனையை மூடிய பிறகு சொன்னது

உதவித் திட்டங்களின் பலனை மதிப்பிடக் களத்துக்குப் போன அனுபவங்களைப் பலர் எழுதியிருக்கிறார்கள். அவற்றைப் படித்ததும் என்னுடையதையும் சொல்லத் தோன்றியது.

2014-இல் ஒரு வீட்டுத்திட்டத்தால் மக்களுக்கு என்ன பலன் என்று மதிப்பிட, கொழும்பிலிருந்து கிளிநொச்சிக்குப் போன குழுவில் இருந்தேன். வினாக்கொத்தை வெள்ளவத்தையில் இருந்துகொண்டே தயாரித்திருந்தோம். சுவர், கூரை, கழிப்பறை, மாத வருமானம்.

ஒரு அம்மா எல்லாவற்றுக்கும் ஓம் என்றார். நான் பேனையை மூடியதும் பிளேன்டீயை நீட்டிக்கொண்டு, "வீடு முடிஞ்சுது தம்பி. தாலிக்கொடிதான் இன்னும் அடகில கிடக்கு" என்றார். திட்டக் காசு கட்டம் கட்டமாகத்தான் வரும். அத்திவாரம் முடித்தால்தான் அடுத்த தவணை. அதற்குள் சீமெந்தும் மணலும் விலை ஏற, மேசன் கூலிக்கு நகை போயிருக்கிறது. எங்கள் படிவத்தில் அந்த வீடு 'முழுமை'.

கொழும்புக்கு வந்து கடனைப் பற்றியும் கேட்க வேண்டும் என்றபோது, அது திட்டத்துக்கு வெளியே என்றார்கள் மேலே இருந்தவர்கள். உதவித் திட்டங்களை மதிப்பிட ஓஈசிடி (OECD) என்ற பன்னாட்டு அமைப்பு வகுத்த அளவுகோல்களில் 'தாக்கம்' என்பதற்குள் எதிர்பாராத விளைவும் பாதகமான விளைவும் அடங்கும் என்று எடுத்துக் காட்டிய பிறகுதான் சம்மதித்தார்கள். திரும்பப் போய், "வீட்டை முடிக்க எதை விற்றீர்கள், எதை அடகு வைத்தீர்கள்?" என்று கேட்டோம். முன்பு ஒரு சொல்லில் பதில் சொன்னவர்கள் ஒரு மணித்தியாலம் பேசினார்கள்.

திட்டத்துக்கு முந்தைய தரவும் எங்களிடம் இல்லை. அதனால் 2008-இன் மாத வருமானத்தைக் கேட்டிருந்தோம். இப்போது நினைத்தாலும் மனம் கூசுகிறது. அந்த ஆண்டு ஊர் ஊராக இடம்பெயர்ந்தவர்கள். 2009 மே மாதம் போர் முடிந்தபோது மெனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாமில் 2 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களோடு அடைபட்டிருந்தவர்கள். "எந்த ஊரில இருந்த மாசத்தைச் சொல்ல?" என்று ஒரு ஐயா கேட்டார். அந்தக் கட்டத்தை வெறுமையாகவே விட்டேன்.

அப்புறம், வீடு கிடைக்காத குடும்பங்களோடும் ஒப்பிட வேண்டும். முறை சரிதான், அது இல்லாமல் திட்டத்தின் பலனைப் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் பக்கத்துக் காணி அக்கா, காணி உறுதியும் குடும்ப அட்டைப் பிரதியும் போட்ட சொப்பிங் பையோடு வேலியருகே காத்து நின்றார். "என்ர பேரை எப்ப பதிவீங்கள்?" முக்கால் மணி நேரம் கேள்வி கேட்டுவிட்டு, அவர் கையில் ஒன்றும் கொடுக்காமல் வந்தேன்.

இப்போது எந்தப் படலையைத் திறந்தாலும் பையை இறக்கி வைக்கும் முன்பே சொல்லிவிடுகிறேன்: "இது வீட்டுப் பதிவு இல்லை அம்மா."