கருப்பசாமி கோயில் கும்பாபிஷேகம் – குடும்ப குரூப்

பெரியப்பா: கோயில் வரி கணக்கு லிங்க் தொறக்கவே மாட்டேங்குது. காலைல இருந்து சுத்துது

மதுர சித்தி: எனக்கும். ஒரு நிமிசம் கழிச்சு 504ன்னு வருது

சின்ன சித்தப்பா: கோயில் போட்டோ எல்லாம் ஜம்முனு வருது. கணக்கு மட்டும் தொறக்காதாம்

பெரியப்பா: என்ன சொல்ல வர்ற

குமார்: சித்தப்பா அப்படி இல்ல, சர்வர்ல என்ஜின்எக்ஸ்னு ஒரு சாப்ட்வேர் தான் பக்கத்த அனுப்புது, போட்டோவ அதுவே நேரா எடுத்து குடுத்துரும், கணக்கு பக்கம் பிஎச்பி ஸ்கிரிப்ட்டு, கேக்குறப்ப தான் ப்ரோகிராம் ஓடி பக்கத்த உண்டாக்கும், அத என்ஜின்எக்ஸால ஓட்ட முடியாது, எஃப்பிஎம்னு தனியா ஒரு ப்ராசஸ் மேனேஜர் இருக்கு, சாக்கெட் வழியா அதுகிட்ட தள்ளிவிடும், அது ஒர்க்கர்ங்கள வச்சு ஓட்டும். பழைய சர்வர்ல என்ஜின்எக்ஸுக்கு பதிலா அப்பாச்சின்னு ஒண்ணு, அதுக்குள்ளயே பிஎச்பி இருந்துச்சு, சும்மா ஒரு போட்டோ கேட்டா கூட பிஎச்பி மூட்டையையும் சுமந்துகிட்டு வரும், 1 ஜிபி ராம் தாங்கல, அதான் மாத்துனேன்

செல்வி அத்த: சரிடா எப்ப வரும்

குமார்: லாக் பாத்துட்டேன் அத்த. மேக்ஸ் சில்ரன், அதான் ஒரே நேரத்துல எத்தன ஒர்க்கர் ஓடலாம்ங்கிறது, 5 தான் இருக்கு, அது முட்டிருச்சு

செல்வி அத்த: 5 தானா. எங்க அப்பாவுக்கே 7

மதுர சித்தி: 😂😂

குமார்: பெரியப்பா லிங்க் போட்டதும் 40 பேர் ஒண்ணா தொறந்திருக்கீங்க. ஒவ்வொரு தடவையும் எல்லா ரசீது போட்டோவையும் சின்னதாக்கி தான் அந்த பேஜ் காட்டுது, ஒருத்தருக்கே 10 செகண்ட். 5 பேர் உள்ள, மிச்ச பேர் வரிசையில. 60 செகண்ட் பாத்துட்டு என்ஜின்எக்ஸ் கைய விரிச்சிரும், அது தான் அந்த 504

மதுர சித்தி: அப்ப 50ன்னு போட்ரு

குமார்: முடியாது சித்தி. ஒரு ஒர்க்கர் 60 எம்பி திங்குது, 50 போட்டா 3 ஜிபி ஆயிரும், டேட்டாபேஸும் சேந்து படுத்துரும். இப்போதைக்கு 8 வச்சு எஃப்பிஎம்ம ரீலோட் பண்றேன். ராத்திரி ரசீத மொத்தமா சின்னதாக்கி வச்சுடுறேன், அது தான் சரியான வைத்தியம்

சின்ன சித்தப்பா: பெயிண்ட் அடிச்சப்பவும் கணக்கு இப்படி தான் நாளைக்கு நாளைக்குன்னு போச்சு

பெரியப்பா: நோட்டு என் பீரோவுல இருக்கு. வீட்டுக்கு வந்து பாரு. நீ தான் 3 வருசமா வாசப்படி மிதிக்கல

மதுர சித்தி: காலைலயே வேணாம் மாமா

செல்வி அத்த: யாகசாலைக்கு நெய் யாரு சொல்றா? மாட்டு நெய்யி தான் வேணுமாம்

குமார்: இப்ப தொறந்து பாருங்க. எல்லாரும் ஒரே நேரத்துல வேணாம்

பெரியப்பா: வந்துருச்சு

குமார்: 2 ஜிபி சர்வரா மாத்திரவா?

சின்ன சித்தப்பா: அதுவும் வரியிலயா?

செல்வி அத்த: நெய்ய சொல்லுங்கப்பா