ஷிராஸ் நகரக் கொன்சலின் போர்க்கால நாட்குறிப்புகளை எப்படி வாசிப்பது?

கேள்வி: கனகராயன்கரை

வணக்கம். கிளிநொச்சிப் பக்கத்தில் உயர்தர வகுப்புக்கு வரலாறு கற்பிக்கிறேன். முதலாம் உலகப் போர்க் காலத்தில் தென் பாரசீகத்தில் (இன்றைய ஈரானின் தெற்கில்) பணியாற்றிய பிரித்தானியக் கொன்சல்கள், அதாவது அந்நகரங்களில் இருந்த பிரித்தானிய அரசின் பிரதிநிதிகள், தம் மேலிடத்துக்கு அனுப்பிய நாட்குறிப்புகளை, சிறப்பாக ஷிராஸ், கெர்மான் நகரங்களைப் பற்றியவற்றை, சில மாதங்களாக வாசித்து வருகிறேன். பாரசீகம் 1914 நவம்பர் 1 அன்று தன் நடுநிலையை அறிவித்த நாடு. ஆயினும் வடக்கிலும் மேற்கிலும் ரஷ்யரும் உதுமானியரும் பொருதினார்கள். தெற்கே பிரித்தானியருக்கு எதிராக ஜேர்மன் முகவர்கள் பழங்குடித் தலைவர்களைத் திரட்டினார்கள். தாம் கேட்காத போரைத் தம் வாசலில் கண்ட ஊர்கள் அவை என்பதாலேயே எனக்கு இந்த ஈடுபாடு.

என் இடர்ப்பாடு இதுதான். ஒரே பக்கத்தில் இரண்டு விதமான எழுத்து இருக்கிறது. ஆளுநர் சோம்பேறி, வணிகர் பேராசைக்காரர், இன்ன தலைவர் வஞ்சகர் என்ற தீர்ப்புகள் ஒரு புறம். கோதுமை என்ன விலை, எந்தக் கணவாயில் கோவேறு கழுதைகளின் அணி மறிக்கப்பட்டது, கடைத்தெரு எத்தனை நாள் பூட்டிக் கிடந்தது என்ற குறிப்புகள் மறு புறம். முன்னதை நம்ப மனம் ஒப்பவில்லை. அப்படியானால் அதே கை எழுதிய பின்னதை மட்டும் எந்த நியாயத்தில் நம்புவது? இன்னொரு சிறு ஐயமும் உண்டு. 'மன்' என்ற நிறையளவில் ஒரு மன் கோதுமையின் விலை ஒரு பக்கத்தில் மற்றப் பக்கத்தைப் போல் இரு மடங்காக நிற்கிறது. இது பஞ்சமா, எழுத்துப் பிழையா?

மறுமொழி: நெல்லுக்கடை, நெடுங்கேணி

ரீச்சர், இரண்டாவது ஐயத்துக்கு மட்டும் சொல்கிறேன். அது பஞ்சமாக இருக்க வேண்டியதில்லை. 'மன்' என்பது ஊருக்கு ஊர் மாறும் நிறை. தப்ரீஸ் மன் ஏறத்தாழ 3 கிலோ, ஷா மன் அதைப் போல் இரு மடங்கு, பூஷேர்த் துறையில் வழங்கிய ஹாஷிம் மன் 50 கிலோவையும் தாண்டும். நூறு தப்ரீஸ் மன் சேர்ந்தது ஒரு கர்வார். நாணயத்தில் பத்துக் கிரான் ஒரு தோமான். கொத்து, மரைக்கால், புசல் என்று அளந்த நம் பெரியவர்களிடம் "எந்த ஊர் மரைக்கால்?" என்று கேட்டுவிட்டுத்தான் விலை பேசுவார்கள். அதே கேள்வியை அந்தப் பக்கத்திடமும் கேளுங்கள்.

மறுமொழி: மாங்குளம் சந்தி

முதற் கேள்விக்கு, அந்த நாட்குறிப்பு எப்படி உருவானது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். கொன்சல் தனியே தெருவில் நடந்து செய்தி திரட்டியவர் அல்லர். பாரசீகம் அறிந்த எழுத்தராகிய மிர்ஸா ஒருவர் காலையில் வந்து ஊர்ப் பேச்சைச் சொல்வார். பூஷேரிலிருந்து ஷிராஸ் ஊடாகத் தெஹ்ரான் போன தந்திக் கம்பியின் ஊழியர்கள் பாதைச் செய்தி தருவார்கள். பாரசீக இம்பீரியல் வங்கிக் கிளை நாணய நிலவரத்தைத் தரும். கழுதைக்காரர்கள் கணவாய்களைப் பற்றிச் சொல்வார்கள். இவை யாவும் ஒரே கையெழுத்தில் வந்து சேர்வதால்தான் ஒருவரே எல்லாவற்றையும் கண்டது போன்ற மயக்கம் நமக்கு ஏற்படுகிறது.

தீர்ப்புகளைப் பொறுத்தவரை, அவற்றைச் சொன்னவரின் நிலையோடு சேர்த்து வாசியுங்கள். 1915 செப்டம்பரில் ஷிராஸில் பிரித்தானிய உதவிக் கொன்சல் தெருவில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவ்வாண்டு நவம்பர் 10 அன்று, சுவீடன் நாட்டு அதிகாரிகளால் பயிற்றப்பட்ட ஜாந்தர்மரி என்ற காவற்படை கொன்சல் ஓ'கொனரையும் அங்கிருந்த பிரித்தானியரையும் பிடித்தது. பெண்களைப் பூஷேருக்கு அனுப்பிவிட்டு, ஆண்களைப் பூஷேருக்கு அருகே பழங்குடியினர் வாழ்ந்த தங்கிஸ்தானின் அஹ்ரம் கோட்டையில் அடைத்தார்கள். முன்னர் பூஷேரில் ஜேர்மன் கொன்சலாக இருந்த வாஸ்முஸ் அந்தத் தங்கிஸ்தானியரிடையேதான் நின்று பிரித்தானியருக்கு எதிராக வேலை செய்துகொண்டிருந்தார். ஓ'கொனர் 1916 ஆகஸ்ட்டிற் கைதிப் பரிமாற்றத்தில் விடுதலையானார். ஆகவே, தமக்கு இணங்கியவரை உறுதியானவர் என்றும் இணங்காதவரை வஞ்சகர் என்றும் எழுதும் ஓர் அலுவலகத்தின் அச்சத்தையும் கோபத்தையும் அந்தச் சொற்கள் நமக்குக் காட்டுகின்றன. ஷிராஸ் மக்களின் குணத்தை அவற்றிலிருந்து அறிய முடியாது.

விலை வேறு. கோதுமையும் வாற்கோதுமையும் படைக்கும் விலங்குகளுக்கும் வாங்க வேண்டியவை. எண் பிழைத்தால் எழுதியவரின் மேலிடத்துக்குத்தான் பண நட்டம். அதனால் எண்ணை நான் பெரும்பாலும் நம்புகிறேன். ஆனால், எண்ணுக்குப் பக்கத்தில் எழுதப்பட்ட காரணத்தை நம்பாதீர்கள். 1916 மார்ச்சில் பிரித்தானிய அதிகாரி பேர்சி சைக்ஸ் பந்தர் அப்பாஸ் துறைமுகத்தில் இறங்கி, பிரித்தானியரின் கீழ் உள்ளூர் ஆட்களைக் கொண்ட தென் பாரசீகத் துப்பாக்கிப் படையைத் திரட்டத் தொடங்கிய பிறகு, அதே சந்தையில் தானியம் வாங்கும் பெரிய கைகளில் பிரித்தானியரின் கையும் ஒன்று. மழை பொய்த்து 1917 தொடக்கம் பஞ்சம் படர்ந்தபோது, விலையேற்றத்துக்குப் பதுக்கற்காரரைக் குற்றஞ்சாட்டும் எழுத்தர் தம் தரப்பின் கொள்முதலை அந்த வரியிற் சேர்த்திருக்கிறாரா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். பதுக்கியவர்கள் இருந்தார்கள் என்பது உண்மை. வாங்கியவர்களும் இருந்தார்கள் என்பது அதே அளவு உண்மை.

மறுமொழி: வாவெட்டி

இந்தத் திரியை இரண்டு முறை வாசித்தேன். என் அப்பா 1990களில், பொருளாதாரத் தடைக் காலத்தில், புதுக்குடியிருப்புப் பக்கம் ஒரு சங்கக்கடையின் முகாமையாளராக இருந்தார். இரவில் ஜாம் போத்தல் விளக்கை மேசையில் வைத்துக்கொண்டு, மட்டை கிழிந்த ஒற்றைறூள் கொப்பியில் அன்றைய கணக்கை எழுதுவார். சீனி, சவர்க்காரம், மண்ணெண்ணெய் என்று இடப்புறம் பெயர்கள், வலப்புறம் விலை. லொறி வராத நாட்களில் விலைக்குப் பதிலாக 'வரவில்லை' என்று மட்டும் இருக்கும். சில பக்கங்களில் அந்த ஒரு சொல்லே மேலிருந்து கீழாக ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும். யார் நல்லவர், யார் கெட்டவர் என்று அதில் ஒரு வரிகூட இல்லை.

அதே காலத்தில் வெளியிலிருந்து குறிப்புப் புத்தகத்தோடு வந்தவர்களையும் நான் சிறுவனாகக் கண்டிருக்கிறேன். நல்லெண்ணத்தோடு வந்தவர்கள்தாம். ஆனால் எங்கள் ஊரில் அவர்கள் போனது ஆங்கிலம் பேசக்கூடிய இரண்டே வீடுகளுக்கு. வரிசையில் நின்று சாமான் வாங்கிய பெண்களிடம் அவர்கள் எதையும் கேட்டதில்லை. ஆகவே ரீச்சர், ஷிராஸ் மிர்ஸா எந்த வீடுகளில் தேநீர் குடித்தார் என்பதைத் தேடிப் பாருங்கள். பேக்கரி வாசலில் நின்றவர்களின் குரல் அந்தப் பக்கத்தில் எங்காவது இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அப்பாவின் கொப்பி 2009 இல் இடம்பெயர்ந்த வழியிற் போய்விட்டது. கொன்சலின் நாட்குறிப்பு, குறைகள் எவ்வளவு இருந்தாலும், கையில் இருக்கிறது. அதனால்தான் இதை இவ்வளவு கவனமாக வாசிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

மறுமொழி: கனகராயன்கரை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நிறை விடயத்தில் நெல்லுக்கடை ஐயா சொன்னது சரி. இரு பக்கங்களையும் மீண்டும் பார்த்தேன், ஒன்று தப்ரீஸ் மன், மற்றது ஷா மன். 'வரவில்லை' என்ற சொல்லை மனத்தில் வைத்துக்கொண்டு, நாட்குறிப்பில் விடுபட்ட கிழமைகளை மாணவர்களைக் கொண்டு ஒரு தாளில் குறிக்கப்போகிறேன். எந்த ஆண்டிலிருந்து தொடங்கலாம், மாங்குளம் அண்ணா?

மறுமொழி: மாங்குளம் சந்தி

1918 இலிருந்து தொடங்குங்கள். கஷ்காய்ப் பழங்குடித் தலைவர் சௌலத் உத்தௌலாவின் ஆட்கள் ஷிராஸை அவ்வாண்டு கோடையில் முற்றுகையிட்டார்கள். அது தணிந்து சில மாதங்களில் இன்புளுவன்சா வந்து, ஏறத்தாழ 50,000 பேர் வாழ்ந்த ஊரில் 10,000 பேரைக் கொண்டுபோனதாக அக்காலக் கணிப்பு. அந்த மாதங்களில் எங்காவது தானிய விலை இறங்கியிருக்கக் கண்டால், அறுவடை நன்றாக இருந்தது என்று மாணவர்கள் உடனே எழுதிவிட விடாதீர்கள். வாங்க வருவோர் குறைந்தாலும் விலை இறங்கும்.