முன்சக்கர பிரேக் ரோட்டர்: மலிவான இறக்குமதியா, விலை கூடிய உள்நாட்டுத் தயாரிப்பா?

வணக்கம். பெங்களூரில் ஓடும் 2016 ஸ்விஃப்ட் டீசல், 94,000 கி.மீ. 80 வேகத்துக்கு மேல் பிரேக் பிடித்தால் ஸ்டீயரிங் நடுங்குகிறது, பெடலும் காலை உதைக்கிறது. சேலம் போகையில் தொப்பூர் கணவாய் இறக்கத்தில் ரோட்டர் (சக்கரத்தோடு சுழலும் பிரேக் டிஸ்க்) சூடேறியதும் இன்னும் மோசம். போன மாதத்திலிருந்து இப்படித்தான்.

புது பேட் மாற்றியாச்சு. பேடை ரோட்டரில் அழுத்தும் காலிப்பரின் பின்களுக்கு கிரீஸ் வைத்து, ரோட்டர் உட்காரும் ஹப் முகத்துத் துருவைச் சுரண்டி, வீல் நட்டுகளை டார்க் ரெஞ்சில் குறுக்கு வரிசையில் இறுக்கியும் பார்த்தாச்சு. சுழலும்போது வரும் ஆட்டத்தை டயல் கேஜில் அளந்தால் ஹப் 0.02 மி.மீ., ரோட்டர் 0.12. ஆக, கோளாறு ரோட்டரில்தான். லேத்தில் கடையவும் வழியில்லை: விளிம்பில் பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிமனுக்கு மேல் 0.3 மி.மீ.தான் மிச்சம்.

பெங்களூர் உதிரிபாகக் கடைத்தெருவான ஜே.சி. ரோட்டில் இறக்குமதி ஜோடி 2,600 ரூபாய், உள்நாட்டு ஜோடி 5,400. இறக்குமதியில் தடிமன் முத்திரையே இல்லை. ஒவ்வொன்றும் 400 கிராம் எடை குறைவு; இரு தட்டுக்கும் நடுவே காற்றோட்டத்துக்கான இறகுகளும் கம்மி. வார்ப்பிரும்பு குறைந்தால் சூட்டை உள்வாங்கும் திறனும் குறையும். எனக்கு உறுத்துவது அதுதான், விலை அல்ல.

இப்படி எடை குறைந்த ரோட்டரைப் போட்டு மலை இறக்கத்தில் ஓட்டியவர்களுக்கு, 20,000 கி.மீ.க்குள் நடுக்கம் திரும்ப வந்ததா?