‘டீடாக்ஸ் ஜீன்’: வெள்ளிக்குள் ஒரு தமிழ்ச்சொல் வேண்டும்

ச. எழுதியது:

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம். பெருங்குடல் புற்றுநோய் வந்தவர்களின் குடும்பத்தாருக்கென ஒரு கையேட்டை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். பன்னிரண்டு பக்கம்தான், ஆனால் வெள்ளி மாலை கொடுத்தாக வேண்டும். பிறப்போடு வரும் மரபணு வேறுபாடும் சாப்பாடும் சேர்ந்து நோய் வாய்ப்பைக் கூட்டுவதும் குறைப்பதும் எப்படி என்பதே பொருள். மூன்று இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறேன்: ‘டீடாக்ஸிஃபிகேஷன் ஜீன்’ (நச்சை நீக்குவதாகச் சொல்லப்படும் மரபணு), ‘ஃபாஸ்ட் அசிட்டைலேட்டர் – ஸ்லோ அசிட்டைலேட்டர்’ (சில பொருள்களை உடலில் வேகமாக மாற்றுபவர், மெதுவாக மாற்றுபவர்), ‘நல் (null) ஜீனோடைப்’ (ஒரு மரபணுவே இல்லாத நிலை). முதலாவதற்கு ‘நச்சுமுறி மரபணு’ என்று போட்டிருக்கிறேன். காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. சரிதானா?

பு. எழுதியது:

அம்மா, நச்சுமுறி நல்ல சொல். நஞ்சு என்ற மென்தொடர் வன்தொடராகி நச்சு ஆகிறது. ‘நடுவூருள் நச்சு மரம்பழுத் தற்று’ என்று வள்ளுவரே ஆண்டிருக்கிறார். ஆனால் அதே குறள் ‘நச்சப் படாதவன்’ என்று தொடங்குவதைக் கவனியுங்கள். நச்சுதல் என்றால் விரும்புதல். நச்சுமுறி என்பதை ஆசையை முறிப்பது என்று படிக்கவும் இடமிருக்கிறது. ‘நஞ்சறு மரபணு’ என்றால் ஐயமே எழாது.

கையோடு மெட்டபாலிசத்துக்கு ‘வளர்சிதை மாற்றம்’ என்ற ஒட்டுப்போட்ட சொல்லையும் விட்டுவிடலாம். ‘அருந்தியது அற்றது போற்றி உணின்’ என்பதில் அறுதல் செரித்தலைக் குறிக்கிறது. அதிலிருந்து ‘அறவை’ என்று ஆக்கலாமே?

க. எழுதியது:

ஐயா, அறவைச்சோறு என்பது ஆதரவற்றோருக்கு இடும் சோறு. முப்பத்திரண்டு அறத்தில் ஒன்று. ‘உங்கள் அறவையில் கோளாறு’ என்று கையேடு சொன்னால், நாம் யாருக்குச் சோறு போடாமல் விட்டோம் என்று படிப்பவர் யோசிப்பார். வளர்சிதை மாற்றம் பள்ளிப் புத்தகத்தில் ஏறிவிட்டது, அதை விட்டுவிடுங்கள். என்னைக் கேட்டால் ‘டீடாக்ஸ் ஜீன்’ என்றே எழுதிவிடலாம். ‘டீடாக்ஸ்’ தெரியாதவர் இன்று யார்?

யா. எழுதியது:

இலங்கையில எங்கட பாடநூல்களில் வளர்சிதை மாற்றத்தை அனுசேபம், நொதியை நொதியம், மரபணுவைப் பரம்பரையலகு எண்டுதான் படிச்சனாங்கள். மூண்டையும் ஒருக்கால் பதிவில் வையுங்கோ. வழக்கத்தில் இல்லாத சொல் எண்டு பிறகு ஒருத்தரும் சொல்லக் கூடாது.

ம. எழுதியது:

தாமதத்துக்கு மன்னிக்கவும், மருத்துவமனையில் பணிநேரம் இப்போதுதான் முடிந்தது. முறி, அறு, டீடாக்ஸ் மூன்றுக்கும் நான் எதிர். மூலத்தில் இருக்கும் சொல்லே பிழையான படத்தைக் காட்டுகிறது. தமிழில் அதை இன்னும் அழகாக்கினால் பிழையும் சேர்ந்து அழகாகிவிடும்.

என்ஏடி2 என்ற மரபணுவை எடுத்துக்கொள்ளுங்கள். அது எட்டாவது குரோமோசோமில் இருக்கிறது. அது உண்டாக்கும் நொதிக்கு ஒரே வேலை, ஒரு மூலக்கூறின் மீது அசிட்டைல் தொகுதியை ஏற்றுவது. சாயத்தொழிலிலும் புகையிலைப் புகையிலும் வரும் அரோமாட்டிக் அமீன்கள் என்ற வேதிப்பொருள்களின் நைட்ரஜன் மீது நேராக ஏற்றினால் அவற்றின் பல் பிடுங்கப்படும். ஆகவே இந்த நொதி மெதுவாக வேலை செய்பவர்களுக்குச் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் வாய்ப்பு கூடுகிறது. இதுவரை ‘நச்சுமுறி’ பொருந்துகிறது.

இனிக் குடலுக்கு வருவோம். இறைச்சியைக் கடும் சூட்டில் கருக வாட்டும்போது பல்லின வளைய அமீன்கள் உண்டாகின்றன. கல்லீரலில் சிஒய்பி1ஏ2 என்ற நொதி அவற்றின் நைட்ரஜனில் ஒரு ஹைட்ராக்சில் தொகுதியை வைக்கிறது. அடுத்து அதே என்ஏடி2 அந்த ஆக்சிஜன் மீது அசிட்டைலை ஏற்றுகிறது. ஏறியது நிலைக்காமல் உதிர்கிறது. மிஞ்சுவது அடங்காத் துண்டு, டிஎன்ஏவில் போய் ஒட்டிக்கொள்கிறது. முறிக்க வந்தவனே நஞ்சைக் கூர்தீட்டிக் கொடுக்கிறான். கருகிய இறைச்சியை நிறைய உண்ணும் ‘வேக’க்காரர்களுக்குத்தான் பெருங்குடலில் இடர் கூடும் என்று சந்தேகம் எழுந்தது இப்படித்தான். சிறுநீர்ப்பையில் சான்று உறுதி. பெருங்குடலில் ஆய்வுகள் ஒரே திசையில் நிற்கவில்லை, சில காட்டின, சில காட்டவில்லை. கையேடு இதையும் சொல்ல வேண்டும். ஒரே மரபணுவுக்கு ஒரு பக்கத்தில் காவலன், மறுபக்கத்தில் கூட்டாளி என்று இரண்டு வேடம் இருக்கும்போது ‘நச்சுமுறி’ என்று பட்டம் கட்டினால், அது வேகமாக இருப்பது நல்லதுதானே என்று படிப்பவர் நினைத்துக்கொள்வார்.

ச. எழுதியது:

ஐயோ, நான்காம் பக்கத்தில் ‘வேகமான நச்சுமுறி மரபணு உள்ளவர்களுக்கு இடர் கூடலாம்’ என்று எழுதி, மூலத்தில்தான் தவறோ என்று ஓரத்தில் கேள்விக்குறி போட்டு வைத்திருந்தேன்! கோளாறு சொல்லில்தான் இருந்திருக்கிறது.

பு. எழுதியது:

மருத்துவர் சொன்னதை ஏற்கிறேன். அப்படியானால் ‘மாற்று’ என்று வேர் பிடிப்போம். மாற்று என்றால் வேறாக்குதல். நஞ்சுக்கு எதிர்மருந்தும் மாற்றுதான். பொன்னின் தரத்துக்கும் மாற்றே பெயர், பத்தரை மாற்றுத் தங்கம். நல்லதாகவோ கெட்டதாகவோ ஆகலாம், உரைத்துப் பார்த்தால்தான் தெரியும் என்பது சொல்லுக்குள்ளேயே பொதிந்திருக்கிறது. ‘மாற்று மரபணு’, ‘விரைமாற்றி’, ‘மெதுமாற்றி’.

ம. எழுதியது:

ஐயா, மாற்று அருமை. ஆனால் ‘விரை’ வேண்டாம். விரைவீக்கம் என்று தினமும் எழுதுகிற ஆள் நான். ‘விரைமாற்றி’ என்று நோயாளியிடம் நீட்டினால் என்ன அறுவைச் சிகிச்சை என்று கேட்பார்.

பு. எழுதியது:

அப்படியானால் ‘கடுமாற்றி’. கடுகுதல் என்றால் விரைதல். கடு என்றால் நஞ்சும்கூட. இரண்டு பொருளும் ஒரு சொல்லில்! மேலும் கடுகு...

க. எழுதியது:

கடுகு எங்கே வந்தது?

ம. எழுதியது:

ஆச்சரியம், கடுகு இங்கே வரத்தான் வேண்டும். முட்டைக்கோசு, புரோக்கோலி, காலிஃபிளவர் எல்லாம் கடுகுக் குடும்பம். ஆறாம் பக்கத்தில் இருக்கிறது. அவற்றிலிருந்து வரும் ஐசோதயோசயனேட்டுகள் என்ற வேதிப்பொருள்களை உடலிலிருந்து வெளியேற்ற உதவும் நொதிகளில் ஜிஎஸ்டிஎம்1 என்ற மரபணு தருவது ஒன்று. ஐரோப்பிய வழியினரில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு அந்த மரபணுவே இல்லை, முழுக்க விடுபட்டிருக்கிறது. இல்லாததால் அந்தக் காய்களின் சரக்கு உடலில் கூடுதல் நேரம் தங்கி நன்மை செய்யக்கூடும் என்பது ஒரு கருத்து. ச. கேட்ட ‘நல் ஜீனோடைப்’ இதுதான். ‘வெற்று’ என்று போடாதீர்கள், வெறும் பயல் என்பது போல் ஒலிக்கிறது.

யா. எழுதியது:

முடிவிலி, உணர்விலி மாதிரி ‘ஜிஎஸ்டிஎம்1-இலி’ எண்டால் என்ன?

க. எழுதியது:

இலி சரி. இந்தக் குழுவில் ஒரு சொல் பத்து நிமிடத்தில் முடிந்து நான் பார்த்ததில்லை. யாரும் வேர் தேடப் புறப்படும் முன் பதிவு செய்துவிடுங்கள்.

ஆனால் ‘மாற்றி’ எனக்கு ஒப்பவில்லை. கொல்லி, மின்மாற்றி எல்லாம் பொருள்கள். அசிட்டைலேட்டர் ஒரு ஆள். மனிதரைப் போய் டிரான்ஸ்ஃபார்மர் ஆக்குவதா?

ம. எழுதியது:

ஆள்தான். 1950களில் காசநோய்க்கு ஐசோனியசிட் கொடுத்தபோது பிறந்த வகைப்பாடு இது. ஒரே அளவு மருந்தில் சிலருடைய உடலில் மட்டும் அது நீண்ட நேரம் தங்கியது. அவர்களுக்குக் கைகால் நரம்பு மரத்துப்போகும் வாய்ப்பும் கூடுதலாக இருந்தது. அவர்களைத்தான் ‘ஸ்லோ’ என்றார்கள்.

பு. எழுதியது:

உயர்திணை என்றால் ‘மாற்றுநர்’. பொருநர், மகிழ்நர் போல. மெதுமாற்றுநர், கடுமாற்றுநர்.

யா. எழுதியது:

மாற்றுநரோ, மாற்றுனரோ?

மட்டுறுத்தர் எழுதியது:

இயக்குநர்–இயக்குனர் வழக்கை இந்த இழையில் திறக்க வேண்டாம். 2 வருடத்துக்கு முன் அதில் மூன்று பேர் குழுவை விட்டே போனார்கள்.

ச. எழுதியது:

அம்மாவிடம் நான்காம் பக்கத்தை வாசித்துக் காட்டினேன். ‘மெதுமாற்றுநர்னா யாரு, டிரான்ஸ்ஃபர் ஆர்டரை இழுத்தடிக்கிற ஆபீசரா?’ என்று கேட்டாள். ‘மெதுவாக மாற்றும் உடல்வாகு’ என்றதும் தலையாட்டிவிட்டாள். ‘என்னோடது வாயு உடம்பு, அது மாதிரியா?’ என்றாள். கிட்டத்தட்ட அதேதான் என்றேன்.

இன்னொரு தடுமாற்றம். பதப்படுத்திய இறைச்சி தினமும் 50 கிராம் என்றால் 18 சதவீதம் இடர் கூடுகிறது என்று இருக்கிறது. அம்மா அதை நூற்றுக்குப் பதினெட்டுப் பேருக்கு வரும் என்று எடுத்துக்கொண்டாள்.

ம. எழுதியது:

அம்மாவை இந்தக் குழுவில் சேர்த்துவிடுங்கள். அந்த 18 உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் சொன்னது. இருக்கும் இடரின் மீது 18 சதவீதம். நூறு பேரில் ஐந்து பேருக்கு வருமென்று வைத்துக்கொண்டால் ஆறு பேர் ஆவார்கள், அவ்வளவே. ‘ஐந்து ஆறாகும்’ என்றே எழுதுங்கள், சதவீதத்தை அடைப்புக்குறிக்குள் தள்ளுங்கள்.

ஏழாம் பக்கத்தில் எம்டிஹெச்எஃப்ஆர் மரபணுவுக்குக் ‘குறைபாட்டு வகை’ என்று எழுதியிருந்தால் அதையும் மாற்றுங்கள். 677ஆம் இடத்தில் ஓர் எழுத்து மாறி நொதி மந்தமான வகை அது. அதை இரு பெற்றோரிடமிருந்தும் பெற்றவர்களுக்கு, ஃபோலேட் என்ற பி வைட்டமின் போதிய அளவு கிடைத்தால் பெருங்குடல் புற்றுநோய் குறைவாக வருவதாகவே பல ஆய்வுகள் கண்டன. ஃபோலேட் குறைந்தாலோ குடி மிகுந்தாலோ அந்த நன்மை போய்விடுகிறது. குறைபாடு என்று முத்திரை குத்த இடமில்லை.

க. எழுதியது:

ஆக, தட்டில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் எந்த மரபணுவுக்கும் பெயர் வைக்கக்கூடாது என்கிறீர்கள். இப்படிப் போனால் கலைச்சொல் அகராதியே சமையல் குறிப்பாகிவிடும்.

ம. எழுதியது:

இந்த வகை மரபணுக்களுக்கு அப்படித்தான். பெருங்குடல் புற்றுநோயைப் பரம்பரையாகக் கொண்டுவரும் லிஞ்ச் நோய்த்தொகுதி, ஏபிசி மரபணுத் திரிபு போன்றவை வேறு. அவற்றில் தட்டில் எது இருந்தாலும் இடர் பெரிது. இரண்டையும் ஒரே பத்தியில் கலக்க வேண்டாம் என்று ச.வைக் கேட்டுக்கொள்கிறேன்.

ச. எழுதியது (வெள்ளி, மாலை):

அனுப்பிவிட்டேன். தலைப்பில் ‘மாற்று மரபணுக்கள்’. உள்ளே முதல் முறை ‘உணவிலும் புகையிலும் வருவதை உடலுக்குள் மாற்றும் மரபணுக்கள்’ என்று விரித்து, பிறகு ‘வேகமாக மாற்றும் உடல்வாகு’, ‘மெதுவாக மாற்றும் உடல்வாகு’. கலைச்சொல் பட்டியலில் மட்டும் பு. ஐயாவின் ‘மெதுமாற்றுநர்’. ‘கடு’வை எடுக்கத் துணிவு வரவில்லை, ‘வேகமாற்றுநர்’ என்று போட்டேன். இலி அப்படியே. யா. அண்ணா, உங்கள் மூன்றும் அடைப்புக்குறிக்குள் இருக்கின்றன.

பு. எழுதியது:

‘வேகம்’ வடசொல் என்பதால் என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். ‘பழையன கழிதலும் புதியன புகுதலும்’ என்று யாரும் எனக்கு நன்னூல் சொல்ல வேண்டாம். அது பழைய சொல் இல்லாதபோதுதான் பொருந்தும்.

ச. எழுதியது (திங்கள்):

அச்சுப்படி வந்திருக்கிறது. மெய்ப்புப் பார்த்தவர் எல்லா ‘மாற்றுநர்’களையும் ‘மாற்றுனர்’ ஆக்கியிருக்கிறார். ‘இலி’ மூன்று இடத்தில் ‘எலி’.