பாடசாலை நாடகத்தின் முதல் பத்து நிமிடம் ஏன் சோர்ந்துபோகிறது?

வெள்ளவத்தை ஆசிரியை:
வணக்கம். கொழும்பில் உள்ள ஒரு பாடசாலையில் தமிழ் கற்பிக்கிறேன். மாணவர்கள் தாங்களே எழுதிய அரைமணி நேர நாடகமொன்றை நெறியாள்கை செய்து வருகிறேன். வெளிநாடு செல்வதற்காக வீட்டை விற்க நினைக்கும் மகனும், அதற்கு இணங்காத தாயுமே கதை. முழு ஒத்திகையின்போது, பத்து நிமிடம் முடிவதற்குள் பின்வரிசைப் பிள்ளைகள் தங்களுக்குள் பேசத் தொடங்கிவிட்டார்கள். தந்தை இறந்தது, கடன் பட்டது, வீடு கட்டியது எல்லாவற்றையும் தாயும் அயலவரும் கதிரையில் இருந்தபடியே பேசித் தீர்க்கிறார்கள். பிழை பிரதியிலா, மேடையமைப்பிலா?

நெறியாளர் ஒருவர்:
பிரதியில்தான், ஆனால் வசனத்தில் அல்ல. அரிஸ்டாட்டில் நாடகத்தின் ஆறு கூறுகளில் கதைப்பின்னலையே முதன்மையாக வைத்தார். நாடகம் செயலைக் காட்டுவது என்பதே அவர் கருத்து. உங்கள் தாய் முதற்காட்சியில் எதையும் செய்யவில்லை, நினைவுகூர்கிறார். வீட்டுத் தரகர் படலையைத் தட்டும் கணத்தில் திரையைத் திறவுங்கள். தாய் காணி உறுதியை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டி, சாவியைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்ட பிறகே கதவைத் திறக்கட்டும். அந்த வீடு அவருக்கு எவ்வளவு பெரிது என்பது ஒரு சொல்லும் இல்லாமல் பின்வரிசைக்கும் தெரிந்துவிடும். தந்தையின் கதையை, மகன் அந்தச் சாவியைக் கேட்கும் இடத்திற்கு ஒத்திவையுங்கள்.

கூத்து ஆர்வலர்:
உடன்படுகிறேன், ஒரு திருத்தத்துடன். தன்னை அறிமுகம் செய்துகொள்வதே குற்றமென்று பிள்ளைகள் எண்ணிவிடக் கூடாது. நம் கூத்தில் ஒவ்வொரு பாத்திரமும் வரவுப் பாட்டில் தான் யாரென்று சொல்லித்தான் களரிக்கு, அதாவது ஆடுகளத்துக்கு, வருகிறது. விடியும்வரை சனம் இருந்து பார்க்கிறது. மத்தளமும் ஆட்டமும் அந்த அறிமுகத்தையே ஒரு செயலாக்கிவிடுகின்றன. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் கூத்தைச் சுருக்கி, முன்பக்கம் மட்டும் பார்வையாளருக்குத் திறந்திருக்கும் படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்தபோதும் ஆட்டத்தைக் கைவிடவில்லை.

மேடை ஒளியமைப்பாளர்:
மேடையையும் கவனியுங்கள். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, 24 விரல் கொண்ட கோலால் அளந்து, 7 கோல் அகலமும் 8 கோல் நீளமும் 1 கோல் உயரமுமாக அரங்கை வகுக்கிறது. தூண்களின் நிழல் ஆடுமிடத்தில் விழாதபடி விளக்கை வைக்கவும் சொல்கிறது. பாடசாலை மண்டபங்களில் நான் அடிக்கடி காணும் குறையும் இந்த நிழல்தான்: விளக்கு நேர் மேலே இருப்பதால் நடிகரின் கண்கள் இருண்டுவிடுகின்றன, முகம் தெரியாதவரின் பேச்சு விரைவில் சலித்துவிடுகிறது. இரண்டு விளக்குகளை முன்பக்கத்தில், இரு மூலைகளிலிருந்தும் சாய்வாக வையுங்கள். அலுமாரி நடுவில் வேண்டாம். ஓரத்தில் சற்றுத் திரும்பியிருந்தால், பூட்டும்போது தாயின் முகமும் கையும் மறையா.

வெள்ளவத்தை ஆசிரியை:
மூவருக்கும் நன்றி. நேற்று முதல் நான்கு பக்கங்களை வெட்டிவிட்டுத் தரகரின் வரவோடு தொடங்கினோம். தாயாக நடிக்கும் மாணவி சாவியை இரண்டு முறை முடிந்து இழுத்துப் பார்த்தார். அதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. விளக்குகளை வெள்ளிக்கிழமை மண்டபம் கிடைத்ததும் மாற்றிப் பார்க்கிறோம்.