கிழங்குச் சாற்றிலேயே மாப்பொருள் உண்டாகிறதே, பிறகு லெலுவார் கண்டுபிடித்தது என்ன?

வெள்ளவத்தை_உயிரியல்

வணக்கம். கொழும்பில் ஒரு பாடசாலை விஞ்ஞானக் கண்காட்சிக்காக உயர்தர மாணவர்கள் லூயிஸ் லெலுவாரின் ஆய்வுகளைப் பற்றி ஒரு மேசை தயார் செய்கிறார்கள். சுவரொட்டியோடு நிற்காமல், உருளைக்கிழங்குச் சாற்றைக் குளுக்கோசு-1-பொசுபேற்றுடன் கலந்து அயடீனால் சோதிக்கும் பழைய செய்முறையையும் காட்ட எண்ணம். சாறு விட்ட உடனேயே நீலம் வந்துவிடுகிறது. சாறு கறுக்காமலிருக்க வைட்டமின் சி போட்டால் நீலம் வரவே இல்லை. இதைவிட முக்கியமான கேள்வி ஒன்று: பொஸ்போரிலேசு நொதியமே குளுக்கோசு-1-பொசுபேற்றிலிருந்து மாப்பொருளைக் கட்டுகிறதென்றால் யூடிபி-குளுக்கோசு எதற்கு? லெலுவாருக்கு 1970 இரசாயன நோபல் பரிசு எதற்கு? மாணவர்களுக்கு எப்படி விளக்குவது?

ஆய்வுகூட_மேசை

டீச்சர், முதலில் செய்முறை. உடனே தெரியும் நீலம் சாற்றோடு வந்த மாப்பொருள் மணிகளால் வருவது. தோல் சீவிய கிழங்கு 50 கிராமுக்கு, குளிரூட்டியில் வைத்த காய்ச்சி வடித்த நீர் 50 மில்லிலீற்றர் விட்டு அரை நிமிடம் மட்டும் பிளெண்டரில் அடியுங்கள். மெல்லிய துணியில் பிழிந்து, நிமிடத்துக்கு 3000 சுற்றில் 5 நிமிடம் மையநீக்கியில் விடுங்கள். மேலே தெளிந்ததை மட்டும் குழாயியால் எடுக்க வேண்டும், அடியைக் கலக்கினால் திரும்பச் சுற்றத்தான் வேண்டும். ஒரு சொட்டை அயடீனில் விட்டுப் பாருங்கள். மஞ்சளாகவே நின்றால்தான் அந்தச் சாறு உதவும். மையநீக்கி இல்லாவிட்டால் குளிரூட்டியில் படியவிட்டு இரட்டை வடிதாளில் வடிக்கலாம், மெதுவாகத்தான் இறங்கும்.

வைட்டமின் சி அயடீனை அயடைட்டாக மாற்றிவிடும். அயடைட்டு மாப்பொருளோடு நிறம் தராது. மெற்றாபைசல்பைற்றும் அதையே செய்யும். இரண்டையும் விட்டுவிடுங்கள். சாற்றைப் பனிக்கட்டியில் வைத்து ஒரு மணித்தியாலத்துக்குள் வேலையை முடித்தால் கறுப்பு தொந்தரவு தராது. அயடீனும் இளந்தேநீர் நிறத்துக்கு மேல் போகக் கூடாது, கடுமையாக இருந்தால் ஆரம்ப நீலத்தை அதுவே மறைக்கும்.

1% குளுக்கோசு-1-பொசுபேற்று 2 மில்லிலீற்றர், சாறு 2, நீர் 2. இரண்டு நிமிடத்துக்கு ஒரு சொட்டாக வெள்ளை ஓட்டில் சோதியுங்கள். கொழும்பு வெப்பநிலையே போதும், நீர்த்தொட்டி வேண்டாம். 20 நிமிடமாகியும் நீலம் வராவிட்டால், சாறு அளவுக்கு மிஞ்சித் தெளிந்திருக்கும். இந்த நொதியம் வெறுமையில் சங்கிலியைத் தொடங்காது, இருக்கும் சங்கிலியின் நுனியில்தான் குளுக்கோசை ஒட்டும். அவித்த மாப்பொருட் கரைசலை, தனியே அயடீனில் நிறம் தெரியாத அளவுக்கு ஐதாக்கி, ஒரு சொட்டு சேருங்கள்.

கட்டுப்பாடாக ஒரு குழாயில் கொதிக்க வைத்த சாறு, இன்னொன்றில் குளுக்கோசு-1-பொசுபேற்றுக்குப் பதில் 1% குளுக்கோசு. நான்காவது குழாயைத்தான் கண்காட்சியில் முன்னால் வைக்க வேண்டும். அதில் நீருக்குப் பதிலாக, பீஎச் 7க்குச் சரிசெய்த 0.2 மோலர் பொற்றாசியம் பொசுபேற்றுத் தாங்கற்கரைசல் 2 மில்லிலீற்றர். அங்கே நீலம் வராது. இருஐதரசன் பொசுபேற்றை மட்டும் கரைத்து ஊற்றாதீர்கள். அமிலமாகிவிட்டால் சமநிலையே வேறு பக்கம் சாயும், முடிவு குழம்பும்.

மதுவம்

மேலே சொன்ன நான்காவது குழாயில்தான் உங்கள் பெரிய கேள்விக்கு விடை இருக்கிறது. பொஸ்போரிலேசின் தாக்கம் மீளக்கூடியது. பீஎச் 7இல் அசேதன பொசுபேற்றுக்கும் குளுக்கோசு-1-பொசுபேற்றுக்கும் உள்ள விகிதம் ஏறத்தாழ 3 ஆகும்போது சமநிலை. முதற் குழாயில் தொடக்கத்தில் அசேதன பொசுபேற்று மிகக் குறைவு, ஆகவே கட்டும் திசை. நான்காவதில் விகிதம் 7ஐத் தாண்டுகிறது, ஆகவே உடைக்கும் திசை. தசைக்கலத்தில் அது 100க்கும் மேல். கோரி தம்பதியர் கிளைக்கோசனையும் (விலங்குகள் குளுக்கோசைச் சேமிக்கும் வடிவம்) 1940இல் ஹேன்ஸ் மாப்பொருளையும் சோதனைக்குழாயில் கட்டிக் காட்டியது உண்மைதான். ஆனால் கலத்துக்குள் அந்த நொதியம் பிரதானமாக உடைப்பது. மனிதரிலும் சான்று இருக்கிறது: மக்ஆர்டில் நோயாளிகளின் தசையில் பொஸ்போரிலேசு இல்லை, ஆனால் கிளைக்கோசன் குவிந்து கிடக்கிறது. கட்டுவதும் அதே நொதியம் என்றால் அங்கே கிளைக்கோசன் இருக்கவே கூடாது.

கட்டும் பாதையை லெலுவார் தேடிப் போகவில்லை. 1947இல் புவனஸ் அயர்ஸில் கம்போமார் நிறுவனம் தொடங்கியபோது இலற்றோசு எப்படி உண்டாகிறது என்பதுதான் கேள்வி. பிறகு கபூட்டோ, கார்டினி, பலதீனி, துருக்கோ ஆகியோரோடு மதுவத்துக்கு மாறினார். மதுவச் சாற்றில் கலற்றோசு-1-பொசுபேற்று குளுக்கோசு-6-பொசுபேற்றாக மாற, கொதித்தாலும் கெடாத இரண்டு துணைப்பொருள்கள் தேவைப்பட்டன. ஒன்று குளுக்கோசு-1,6-இருபொசுபேற்று. மற்றது 260 நானோமீற்றர் அளவில் புறஊதாவை உறிஞ்சியது, ஆனால் அடினோசின் அல்ல. மெல்லிய அமிலத்தில் சில நிமிடம் சூடாக்கியதும் குளுக்கோசு கழன்று வந்தது. மீதியில் இருந்தது யூரிடின். 1950இல் யூடிபி-குளுக்கோசு என்று அமைப்பு உறுதியானது.

அதுவரை அது வெறும் துணைப்பொருள். அதுவே குளுக்கோசைக் கொடுக்கும் பொருள் என்பது பின்னால் வந்தது: 1953இல் மதுவத்தில் திரெகலோசு பொசுபேற்று, 1955இல் கோதுமை முளையில் சுக்குரோசு, 1957இல் ஈரலில் கிளைக்கோசன். என் பார்வையில் நோபலுக்கு உரிய பாய்ச்சல் இதுதான். குளுக்கோசு-1-பொசுபேற்றும் யூரிடின் முப்பொசுபேற்றும் சேர்ந்து யூடிபி-குளுக்கோசாகும்போது வெளியேறும் பைரோபொசுபேற்றை இன்னொரு நொதியம் உடனே உடைத்துவிடுகிறது, அதனால் தாக்கம் திரும்பி வராது. உடைக்க ஒரு வழி, கட்ட வேறு வழி. ஒமோன்கள் இரண்டையும் எதிரெதிராகக் கட்டுப்படுத்த முடிவது இதனால்தான்.

வெள்ளவத்தை_உயிரியல்

மிக்க நன்றி. அப்படியானால் சுவரொட்டியில் "தாவரம் யூடிபி-குளுக்கோசிலிருந்து மாப்பொருள் செய்கிறது" என்று எழுதலாமா?

பச்சையவுருமணி

எழுத வேண்டாம். 1960இல் அதே குழு யூடிபி-குளுக்கோசால் மாப்பொருள் நீள்வதைக் காட்டியது. ஆனால் அடுத்த வருடமே ரெகொண்டோவும் லெலுவாரும் ஏடிபி-குளுக்கோசு அதைவிட மிக வேகமாக வேலை செய்வதைக் கண்டார்கள். "மாப்பொருளுக்கு ஏடிபி-குளுக்கோசு, சுக்குரோசுக்கு யூடிபி-குளுக்கோசு" என்று எழுதுங்கள். இதில் ஏடிபி என்பது அடினோசின் இருபொசுபேற்று, சக்தி தரும் முப்பொசுபேற்றோடு குழம்பக்கூடாது. மாணவர்கள் தடுமாறும் இடம் இது, விரித்தே எழுதிவிடுங்கள்.

நீலத்துக்குப் பதில் ஊதா வந்தாலும் தவறு என்று எண்ணாதீர்கள். பொஸ்போரிலேசு கிளையற்ற சங்கிலியைத்தான் நீட்டும். பச்சைச் சாற்றில் கிளை போடும் நொதியமும் இருப்பதால் நிறம் சிவப்புப் பக்கம் நகரும்.

குளுக்கோசு-1-பொசுபேற்று விலை கூடியது. 1% கரைசலை 2 மில்லிலீற்றர் வீதம் சிறு குழாய்களில் பிரித்து உறையவைத்து, காட்சிக்கு ஒன்றாக எடுத்தால் போதும். அமிலம் பட்டால் அது குளுக்கோசாகவும் பொசுபேற்றாகவும் பிரிந்துவிடும், ஆகவே கழுவிய கண்ணாடியில் அமிலம் மீதியில்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.